செட்லிஸ்ட்.எஃப்எம்: கச்சேரிக்கு முன்னால் திறக்காதீர்கள்

அயர்ன் மெய்டன் என்கிற மெட்டல் குழு ஒரே ராத்திரியில் மூன்சைல்ட், ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா என்ற இரண்டு பாட்டையும் வாசித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இப்படித்தான் பத்து வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லா ஷோவுக்கும் என்கூடவே வருகிற நண்பன், "போடா, கனவு கண்டிருப்ப" என்பான். நான் விடமாட்டேன். எங்கே நின்றேன், பக்கத்தில் இருந்தவன் என்ன சட்டை போட்டிருந்தான், மூன்சைல்ட் ஆரம்பிக்கும்போது எந்தப் பக்கம் விளக்கு எரிந்தது என்பது வரைக்கும் சொல்வேன். அப்புறம் ஒரு நாள் செட்லிஸ்ட்.எஃப்எம் இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். சம்வேர் பேக் இன் டைம் என்று ஒரே பெயரில் ஓடிய டூர்தான், ஆனால் 2008-இல் என்கோர், அதாவது முடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து வாசிப்பது, மூன்சைல்ட், கிளேர்வாயன்ட், ஹாலோட் பி தை நேம். 2009-இல் பட்டியலில் சில பாட்டை மாற்றிவிட்டு ராத்சைல்ட், சில்ட்ரன் ஆஃப் தி டாம்ன்ட், ஃபாண்டம் என்று ஆரம்ப காலத்துச் சரக்கை இறக்கியிருக்கிறார்கள். நான் இரண்டு வருஷமும் போனேன். இரண்டு ராத்திரியையும் தலைக்குள் ஒட்டி ஒன்றாக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தச் சட்டைக்காரன் எந்த வருஷத்து ஆள் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அன்றைக்குப் பிடித்த பழக்கம், இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது அதற்குள் போய்விடுகிறேன். இவ்வளவு நாள் உபயோகித்ததற்கு ஒரு விமர்சனமாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். செட்லிஸ்ட், அதாவது கச்சேரியில் வாசிக்கிற பாட்டுப் பட்டியல், என்றாலே எனக்கு ஏகப்பட்ட அபிப்பிராயம் உண்டு, அதெல்லாமும் நடுவில் நுழையும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. எந்த இசைக்குழு, எந்தத் தேதியில், எந்த மேடையில், என்னென்ன பாட்டை எந்த வரிசையில் வாசித்தது என்பதைச் சேர்த்து வைக்கிற சேவை இது. ரசிகர்களே எழுதுகிறார்கள், ரசிகர்களே திருத்துகிறார்கள், விக்கிப்பீடியா நடக்கிற மாதிரிதான். காசு கிடையாது. சும்மா பார்க்கக் கணக்குகூட வேண்டாம், எழுதுவதற்கும் 'நான் அங்கே இருந்தேன்' என்று குறிப்பதற்கும்தான் வேண்டும். கச்சேரி நடத்தி டிக்கெட் விற்கிற லைவ் நேஷன் குழுமத்துக்குச் சொந்தமானது என்பதால் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஷோவின் டிக்கெட்டும் கண்ணில் படும், அது அவர்கள் தொழில், எனக்கு அதில் புகார் இல்லை.

பட்டியல் என்றால் வெறும் பாட்டுப் பெயர் மட்டும் இல்லை. என்கோர் எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். வேறு யாருடைய பாட்டு என்றால் அது யாருடையது என்று இருக்கும். மேடைக்கு வருவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஓட விடுகிற டேப்பை, இது டேப், வாசித்தது இல்லை என்று தனியாகக் குறித்திருப்பார்கள். மெட்டாலிகா 1983-இலிருந்து சினிமா இசையமைப்பாளர் மோரிகோனேயின் எக்ஸ்டஸி ஆஃப் கோல்டை ஓடவிட்டுத்தான் மேடையேறுகிறார்கள், அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் கூட்டத்துக்கு வருகிற நடுக்கம் பாதிப் பாட்டுகளுக்கு வராது, அதனால் டேப்தானே என்று விட்டுவிடாமல் அதையும் எழுதி வைப்பது சரி என்பது என் கட்சி. அதைவிட எனக்குப் பிடித்தவை பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் வருகிற குறிப்புகள்: இந்த டூரில் முதல் தடவை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை, மேடையிலேயே முதல் தடவை. யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், காதில் இன்னும் ரீங்காரம் அடங்காமல் இருக்கும்போதே உட்கார்ந்து அதைக் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷம்.

அந்த 'நான் அங்கே இருந்தேன்' பட்டன்தான் முக்கியமான வலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து போன ஷோவையெல்லாம் தேடித்தேடி அமுக்கினேன். முடித்ததும் அது கணக்குக் கொடுத்தது. எந்தக் குழுவை எத்தனை தடவை, எந்தப் பாட்டை எத்தனை தடவை என்று. ஃபியர் ஆஃப் தி டார்க்கைத்தான் அதிகமாகக் கேட்டிருக்கிறேனாம், ஆறு தடவை. ஆறு தடவையும் அந்த கிதார் மெட்டைக் கிதாருக்கு மேல் கூட்டம்தான் பாடியது, அதனால் கிதாரை நான் ஒழுங்காகக் கேட்டது எத்தனை தடவை என்று கேட்டால் ஒன்றுகூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது எந்தப் பட்டியலிலும் வராது.

'சராசரி செட்லிஸ்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு டூரில் வாசித்ததையெல்லாம் கூட்டிக் கழித்து, எது பெரும்பாலும் எந்த இடத்தில் வந்தது என்று பார்த்து ஒரு பட்டியல் செய்து கொடுக்கும். மெய்டன் மாதிரி டூர் முழுக்க ஒரே வரிசையில் வாசிக்கிறவர்களுக்கு இது சராசரியே இல்லை, அப்படியே நிஜம்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் மாற்றுகிறவர்களுக்கு இதைப் போட்டால் யாருமே கேட்காத ஒரு கச்சேரி கிடைக்கும். வேடிக்கைக்குப் பார்க்கலாம். அதை நம்பி டிக்கெட் வாங்கிவிட்டு அந்தப் பாட்டைப் பாடவில்லையே என்று அழக்கூடாது, இப்படி அழுகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

செட்லிஸ்ட் என்பதே உண்மையில் என்ன? மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிற ஒரு தாள். பெரும்பாலும் பாட்டுப் பெயரை முழுசாகக்கூட எழுதியிருக்க மாட்டார்கள், மூன்று எழுத்தில் சுருக்கி, பக்கத்தில் எந்த கிதார் மாற்ற வேண்டும் என்று ஒரு கிறுக்கல். ஷோ முடிந்ததும் அதை உரித்துத் தரச்சொல்லி முன்வரிசையிலிருந்து பத்துக் கை நீளும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, பிடித்த இருபது பாட்டை எழுதிவிட்டால் செட்லிஸ்ட் ரெடி என்று தோன்றும். எனக்கும் முதல் ஐந்தாறு வருஷம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒலிப் பலகையில் உட்காருகிற ஒருவரோடு பழக்கமானது, அவர் சொல்லச் சொல்லத்தான் இதில் எவ்வளவு சங்கதி இருக்கிறது என்று புரிந்தது. முதல் பாட்டு ஏன் எப்போதுமே வேகமாக, சத்தமாக, எல்லாருக்கும் தெரிந்ததாக, ஆனால் அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டாக இல்லாமல் இருக்கிறது தெரியுமா? சாயங்காலம் காலி அரங்கத்தில் ஒலி சரிபார்த்திருப்பார்கள். ராத்திரி அதே அரங்கத்தில் ஆயிரக்கணக்கான உடம்பு நிற்கிறது, உடம்பு ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், சாயங்காலம் வைத்த அளவெல்லாம் தப்பாகிவிடும். முதல் பாட்டு ஓடும்போதுதான் அந்த மனுஷன் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருப்பார். அந்த இடத்தில் நுணுக்கமான பாட்டை வைத்தால் அது செத்துப்போகும். 2008-இல் மெய்டன் சர்ச்சில் பேச்சை ஓடவிட்டு ஏசஸ் ஹையில் இறங்கினார்களே, அந்தப் பாட்டில் பாதி எனக்கு இரைச்சலாகத்தான் கேட்டது, ஆனால் யாருக்கு அது தேவைப்பட்டது, எல்லாரும் கத்திக்கொண்டிருந்தோம்.

கிதாரின் சுருதியும் வரிசையைத் தீர்மானிக்கும். கீழே இறக்கிய சுருதியில் நான்கு பாட்டு இருந்தால் அவற்றைச் சேர்த்து வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் கிதார் மாற்றிக்கொண்டு நடுவில் மௌனம் விழும். பாடகரின் தொண்டை அடுத்தது. உச்சத்தில் கத்துகிற பாட்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அறுபது வயதுக்காரர் என்ன ஆவார்? நடுவில் டிரம் தனி ஆவர்த்தனம் வருவதும், ஒரு கருவியிசைத் துண்டு வருவதும் ரசிகனுக்காக மட்டும் இல்லை, பாடகர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கவும்தான். இப்போது நெருப்பு, திரை, விளக்கு எல்லாவற்றையும் கணினியில் கோத்துவிடுகிறார்கள், அப்படிக் கோத்த பிறகு ஒரு பாட்டை இடம் மாற்றினாலே அதோடு பத்துப் பேருடைய வேலை மாறும். பெரிய அரங்கக் குழுக்களின் பட்டியல் டூர் முழுக்க உறைந்து கிடப்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை என்று இந்தச் சேவையில் வந்து திட்டுகிறவர்கள் யாராவது யோசித்தால் நல்லது.

அப்புறம் என்கோர். இது எல்லாரும் சேர்ந்து சொல்கிற பொய். விளக்கைப் போடாமல் வைத்திருக்கிறார்கள், பெயர் போன இரண்டு பாட்டு இன்னும் பாக்கி, தாளில் கோடு போட்டு எழுதியே வைத்திருக்கிறார்கள், இருந்தும் நாம் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட வேண்டும், அவர்கள் யோசித்துவிட்டு வந்த மாதிரி வர வேண்டும். எனக்கு இதில் கோபம் இல்லை. ஏசிடிசி பீரங்கி வெடித்து ஃபார் தோஸ் அபௌட் டு ராக்கோடு முடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தேதான் போகிறோம், அது இல்லாமல் முடித்தால்தான் சண்டை. நான் மன்னிக்காத ஒன்று மெட்லி. நான்கு நல்ல பாட்டை ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் வெட்டி ஒட்டித் தருவது. பட்டியலில் நான்கு வரி கூடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. அதற்கு அந்த நான்கில் ஒன்றை முழுசாக வாசித்துவிட்டுப் போகலாம்.

இங்கேதான் இந்தச் சேவையின் பெரிய குறை வருகிறது. குறை என்பதைவிட அதனால் முடியாதது என்று சொல்ல வேண்டும். அது வரிசையைச் சொல்லும், நீளத்தைச் சொல்லாது. டீப் பர்ப்பிள் குழுவின் மேட் இன் ஜப்பான் லைவ் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஆகஸ்ட் 15, 16-இல் ஒசாகா, 17-இல் டோக்கியோ, மூன்று ராத்திரியிலிருந்து எடுத்துக் கோத்த இரட்டைத் தட்டு. மொத்தம் ஏழே பாட்டு. பட்டியலாகப் பார்த்தால் இதற்கா காசு என்று தோன்றும். ஸ்டூடியோவில் நாலரை நிமிஷம் இருக்கும் ஸ்பேஸ் ட்ரக்கின் அங்கே கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஓடுகிறது, ஒரு பக்கம் முழுக்க அது மட்டும்தான். தி மியூல் என்று போட்டிருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் இயன் பெய்ஸின் டிரம். அந்த ஏழு வரியில் இதில் எதுவுமே தெரியாது. நான் வினைலில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட காலத்தில் அட்டையைப் பார்த்து, இவர்கள் அடுத்த ராத்திரியும் இதே ஏழைத்தான் வாசித்திருப்பார்கள், ஆனால் அது வேறு கச்சேரியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பின்னால் மூன்று ராத்திரியின் பதிவும் தனித்தனியாக வந்தபோது அது நிஜம்தான் என்று தெரிந்தது. வரிசை கிட்டத்தட்ட அதேதான். சைல்ட் இன் டைமில் பாடகர் கில்லன் கத்துவதும், கிதார் வாசிக்கிற பிளாக்மோர் எங்கே அவசரப்படுகிறார் எங்கே நிதானிக்கிறார் என்பதும் ராத்திரிக்கு ராத்திரி வேறு.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஒன்று. குழுவின் பெயர் வேண்டாம். இருபத்தொரு பாட்டு, எல்லாமே முத்து, இன்றைக்கும் அந்தப் பட்டியலை யாராவது பார்த்தால் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அன்றைக்குப் பாடகருக்குக் குரலே இல்லை. எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கி, உச்சம் வருகிற இடத்திலெல்லாம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, கடைசியில் நான் காசு கொடுத்து நானே பாடிவிட்டு வந்த மாதிரி இருந்தது. 'நான் அங்கே இருந்தேன்' பட்டனை அதற்கும் அமுக்கியிருக்கிறேன். 'இருந்தேன், ஆனால்' என்று ஒரு பட்டன் இருந்தால் நன்றாக இருக்கும்.

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கச்சேரிக்கு முன்னால் இதைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன், அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து முந்தைய ஊர்களின் பட்டியலைப் பார்த்து, அதையே பிளேலிஸ்ட்டாகப் போட்டு (ஒரே அமுக்கில் செய்து கொடுக்கும், அதுதான் ஆபத்து), ஒரு மாதம் அதே வரிசையில் கேட்டுவிட்டுப் போனேன். ஷோவில் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அடுத்ததன் முதல் சுரம் என் தலைக்குள் முன்னாலேயே வந்துவிட்டது. விளக்கு அணைகிறது, கூட்டம் என்ன வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, நான் மட்டும் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவன் மாதிரி சரி, சரி, சரி என்று டிக் போட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டாவது பாட்டு புதுசு, சுமாரானது என்று தெரிந்திருந்ததால் அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போனேன். என் நண்பன் எதையும் பார்க்காமல் வந்தவன், அந்த எட்டாவது பாட்டுதான் அன்றைக்கு உச்சம் என்று இன்றுவரை சொல்கிறான். நேரில் அது வேறு மாதிரி இருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்?

2023-இல் மெய்டன் ஃப்யூச்சர் பாஸ்ட் டூரைத் தொடங்கியபோது அலெக்ஸாண்டர் தி கிரேட்டை வாசித்தார்கள். 1986 ஆல்பத்துப் பாட்டு, அதுவரை ஒரு மேடையில்கூட வாசித்ததில்லை, முப்பத்தேழு வருஷமாக ரசிகர்கள் கேட்டுக்கேட்டு ஓய்ந்த பாட்டு. மே 28, லூப்லியானாவில் முதல் ஷோ. இந்தத் தடவை வாசிப்பார்கள் என்று பலர் ஊகித்திருந்தார்கள்தான், இருந்தாலும் உறுதியாகத் தெரியாமல், இருட்டில் நின்று, அந்த ஆரம்பத்தைக் கேட்டு விறைத்துப்போகிற பாக்கியம் அந்த ஒரு அரங்கத்துக்கு, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் பட்டியல் ஏறிவிட்டது. அடுத்த ஊரிலிருந்து எல்லாருக்கும் அது பத்தோடு பதினொன்று இல்லை என்றாலும், எத்தனையாவது பாட்டு என்று தெரிந்த ஒன்றாகிவிட்டது. சேவையைக் குறை சொல்ல முடியாது, யாரும் நம் கண்ணைப் பிடித்துத் திறந்து காட்டவில்லை. ஆனாலும் தேடுகிறபோது முதலில் வந்து நிற்பது நேற்றைய ராத்திரியின் முழுப் பட்டியலாகவே இருக்கிறது, பழைய தேதியைத் தேடிப் போகிறவனும் ஓரக்கண்ணால் பார்த்துவிடுகிறான். 'இன்னும் போகவில்லை, மறைத்து வை' என்று சொல்ல ஒரு வழி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

ஒவ்வொரு ராத்திரியும் பட்டியலை மாற்றுவது உயர்ந்ததா, ஒன்றையே செதுக்கி வைத்து வாசிப்பது உயர்ந்ததா? நானும் நண்பனும் இருபது வருஷமாக இதில் எதிரெதிர் கட்சி. அவன் பேர்ல் ஜாம் ஆள். 2000 டூரில் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஷோவையும் அவர்களே பதிவு செய்து 72 லைவ் ஆல்பமாக வெளியிட்டார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்பதுதான் அதன் அழகு என்பான். கிரேட்ஃபுல் டெட்டை இழுப்பான், 2,300-க்கு மேல் ஷோ, ரசிகர்கள் மைக் வைத்துப் பதிவு செய்ய அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கினவர்கள், இப்படி ஒரு சேவை வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே அவர்களுடைய செட்லிஸ்ட்டை ரசிகர்கள் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார்கள். ஃபிஷ் குழு 2017-இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பதின்மூன்று ராத்திரி, ஒரு பாட்டைக்கூடத் திருப்பாமல் 237 பாட்டு வாசித்ததைச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவன் எதிர்பார்ப்பு. மூடியதில்லை.

என் கட்சி இதுதான். மாற்றிக்கொண்டே இருப்பது, டூரோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பரிசு. வாழ்க்கையில் ஒரே தடவை பார்க்கப்போகிறவனுக்கு அது லாட்டரி. நான் போன ராத்திரியில் அதிகம் பேருக்குத் தெரியாத பி சைடு பாட்டாக விழுந்து, அடுத்த ராத்திரியில் நான் பதினாறு வயதிலிருந்து காத்திருந்த பாட்டு விழுந்ததை மறுநாள் இதே சேவையில் பார்த்தவன் நான், அந்த வலி அவனுக்குத் தெரியாது. செதுக்கிய பட்டியலில் ஒரு கட்டுமானம் இருக்கும். 2008, 2009 இரண்டிலும் மெய்டன் மாற்றாமல் வைத்திருந்தது ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர். பதின்மூன்று நிமிஷம். வேகப் பாட்டுகளை அடுக்கி நம்மைக் களைக்க வைத்துவிட்டு, அந்த நடுப்பகுதியில் எல்லாம் அடங்கி, கப்பல் மரம் கிரீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்க, ஆயிரக்கணக்கானவர்கள் அசையாமல் நின்றோம். அந்த அமைதி அந்த இடத்தில் வரவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். லாட்டரியில் அது கிடைக்காது.

இரண்டுக்கும் நடுவில் மெட்டாலிகா 2023-இலிருந்து ஒரு வழி பிடித்தார்கள், ஒரு ஊரில் இரண்டு ராத்திரி, முதல் ராத்திரியில் வந்தது இரண்டாவதில் வராது. நல்ல யோசனைதான். இரண்டு டிக்கெட் வாங்க வைக்கிற நல்ல யோசனையும்கூட.

முழு ஆல்பத்தை வரிசை மாறாமல் வாசிக்கிற பழக்கம் பற்றிக் கேட்டால், பழைய ஆல்பம் என்றால் எனக்குச் சலிப்பு. அடுத்தது எது என்று தட்டின் பின்னட்டையே சொல்லிவிடுகிறது, அப்புறம் என்ன செட்லிஸ்ட். புது ஆல்பம் என்றால் மரியாதை. 2006-இல் மெய்டன் எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத் முழுவதையும் வாசித்தபோது பழைய பாட்டு எங்கே என்று நிறையப் பேருக்குக் கடுப்பு. ஐம்பதை நெருங்கிய ஆட்கள் நேற்று எழுதியதை நம்பி மேடையில் நிற்கிறார்கள் என்றால் நான் கேட்கத் தயார்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங்ஸ்டீன் 2012 ஜூலை 31-இல் ஹெல்சின்கியில் 4 மணி 6 நிமிஷம் வாசித்தார், பட்டியல் பக்கம் உருட்டிக்கொண்டே போகலாம். குயீன் 1985 ஜூலை 13-இல் லைவ் எய்டில் சுமார் இருபத்தொரு நிமிஷம், ஆறு பாட்டு, அதிலும் போஹீமியன் ராப்சடி பாதிதான். நான் பார்த்த பட்டியல்களிலேயே வீண் வரி ஒன்றுகூட இல்லாதது அதுதான். பியானோவில் தொடங்கி, ரேடியோ காகாவில் அரங்கமே கை தட்டி, முடிவில் எல்லாருக்கும் தெரிந்த இரண்டு. பிளாக் சாபத் 2025 ஜூலை 5-இல் சொந்த ஊர் பர்மிங்காமில் விடைபெற்றபோது நான்கே பாட்டு. வார் பிக்ஸ், என்.ஐ.பி., அயர்ன் மேன், பாரனாய்ட். பாடகர் ஆஸி நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். ஜூலை 22-இல் போய்விட்டார். அந்த நான்கு வரியை இன்றைக்குத் திறந்து பார்த்தாலும் எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதையும் திறக்கத் தோன்றுவதில்லை.

பட்டியலே கதை சொல்கிற இன்னொன்று ரஷ். 2015 ஆர்40 டூரில் கடைசி ஆல்பத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போனார்கள், 2012-இல் ஆரம்பித்து 1974-இல் முடிகிறது. மேடைச் சாமானையும் பாட்டுக்குப் பாட்டு எடுத்துக்கொண்டே போய், கடைசியில் ஏதோ பள்ளிக்கூட விழாவில் வாசிக்கிற பையன்கள் மாதிரி நாற்காலி மேல் ஆம்ப் வைத்து வொர்க்கிங் மேன். இதை நான் பதிவில்தான் பார்த்தேன். நேரில் பார்க்கவில்லை என்ற வருத்தம் அவர்களுடைய டிரம்மர் நீல் பியர்ட் இறந்துபோனதிலிருந்து தீராத ஒன்றாகிவிட்டது.

சேவையில் நம்ப முடியாத பகுதி எது என்றால், பழைய காலம். கையில் கைபேசி இல்லாத வருஷங்களில் நடந்த ஷோக்களுக்கு யாரோ ஒருவருடைய ஞாபகமோ, ஒரு பழைய கேசட்டோதான் ஆதாரம். பாதிப் பட்டியல், வரிசை நிச்சயமில்லை என்ற குறிப்பு, சில இடத்தில் தேதியும் மேடையும் மட்டும், கீழே வெறுமை. ஞாபகத்தை நம்பி எழுதுவது எவ்வளவு ஆபத்து என்று மூன்சைல்ட் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதால் அந்தக் குறிப்பு இருக்கிற பட்டியலையே அதிகம் நம்புகிறேன். சின்னக் குழுக்கள் பாடு இன்னும் மோசம். பெரிய குழுவுக்கு நூறு பேர் போட்டி போட்டு எழுதுவார்கள், அதே மேடையில் முன்னால் அரைமணி நேரம் வாசித்தவர்களுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்.

போன மாதம் அப்படி ஒன்றை நானே எழுத உட்கார்ந்தேன். நானும் நண்பனும் சேர்ந்து பார்த்த முதல் ஷோ. பெரிய குழுவுக்கு முன்னால் வாசித்த நாலு பையன்கள், ஒரு ஆல்பத்தோடு கலைந்துபோனார்கள். எனக்கு அன்றைக்குப் பெரிய குழுவைவிட அவர்கள்தான் பிடித்தார்கள். ஏழு பாட்டு வாசித்தார்கள், ஆறு ஞாபகம் இருக்கிறது. நாலாவது இடத்தைக் காலியாக விட்டு, வரிசை நிச்சயமில்லை என்று குறிப்பும் போட்டுவிட்டு, அவனுக்கு இணைப்பை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான்.

"நாலாவது அந்த மெதுவான பாட்டு. எப்படிடா மறந்த?"

"மெதுவான பாட்டு அஞ்சாவதுடா. அதுக்கு முன்னாடி கம்பி அறுந்துதே, அப்ப டிரம் மட்டும் கொஞ்ச நேரம் அடிச்சாங்க."

"கம்பி அறுந்தது அந்தப் பெரிய குழுவுக்கு."

இப்போது அந்தப் பக்கத்தில் ஏழு பாட்டு இருக்கிறது. நாலாவதையும் ஐந்தாவதையும் நான் ஒரு மாதிரி வைத்தால் அடுத்த நாள் அவன் மாற்றி வைக்கிறான்.